ஒன்று மாதிரி இன்னொன்று

அந்தக் கடையில் ஒன்று மாதிரி இன்னொன்று கிடையாது. திருத்தணியில் மலைப்படி ஆரம்பிக்கிற இடத்துக்குச் சற்று முன்னால், சரவணப் பொய்கையிலிருந்து வரும் சந்து பெரிய தெருவில் சேரும் முனையில் இருந்தது. பெயர்ப் பலகை இல்லை. ஊரில் எல்லோரும் வேடிக்கைக் கடை என்றார்கள். நடத்தியவரை வேடிக்கைக் கடை அம்மா என்றார்கள். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது.

மற்றக் கடைகளில் வேல், மயிலிறகு, விபூதிப் பொட்டலம், சின்னச் சின்னக் காவடி எல்லாம் சரம் சரமாகத் தொங்கும். ஒரு கடையில் பார்த்ததை அடுத்த கடையிலும் பார்க்கலாம். இவர் கடையில் முள் பின்பக்கமாக ஓடும் கடிகாரம் ஒன்று இருந்தது. பாக்கில் செதுக்கிய யானை ஒன்று. தேங்காய் ஓட்டுக் குரங்கு ஒன்று. இடப்பக்கம் நின்றால் முருகனும் வலப்பக்கம் நின்றால் வள்ளியும் தெரிகிற, நேராக நின்றால் இரண்டு பேருமே கலங்கித் தெரிகிற கண்ணாடிப் படம் ஒன்று. தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டைக்குள் ஒரு வாத்து. திருப்பதிக்குப் போகிற பஸ் நின்றால் ஆட்கள் இறங்கி வந்து, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பட்டணத்திலிருந்து ஊதல்கள் டஜன் கணக்கில் வரும். வந்த அன்றே அவர் ஓர் ஆணியைக் காய்ச்சிக்கொண்டு உட்காருவார். ஓர் ஊதலில் ஒரு பள்ளம், அடுத்ததில் இரண்டு, இன்னொன்றில் பச்சைப் பொட்டு, மற்றொன்றில் கழுத்தில் நூல். பன்னிரண்டும் பன்னிரண்டு விதமான பிறகுதான் கடையில் வைப்பார்.

ஒருநாள் சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மாள் தன் இரண்டு பையன்களோடு நின்றிருந்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி குடுங்கம்மா. இல்லன்னா மண்டைய ஒடச்சிப்பானுங்க."

"ஒடச்சிக்கட்டும்மா. எது எவனுதுன்னு தெரிஞ்சாத்தான சண்டை வரும்? சண்டை வந்தா நல்லது."

"இன்னாம்மா இது, வியாபாரம் பண்றியா, வெளையாட்றியா?"

"ரெண்டும்தான் பண்ணிகினு இருக்கேன். வேடிக்கைக் கடைன்னு தான பேரு?"

அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய் ஒரே மாதிரி இரண்டு ஊதல் வாங்கினார். வேடிக்கைக் கடை அம்மா அந்தப் பையன்கள் படியேறி மறைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. ரயில் வரும் தண்டவாளத்தில் யாரோ நிற்பதைப் பார்ப்பது போல இருந்தது.

என் கணவருக்குத் தாலுகா ஆபீசில் வேலை. எழுபதுகளின் நடுவில் திருத்தணிக்கு மாற்றலாகி வந்தோம். வரும்போது என் மகனுக்கு ஏழு மாதம். நான் பி.யூ.சி. வரை படித்தவள். குழந்தை வளர்ப்பு பற்றிப் பத்திரிகையில் வந்ததையெல்லாம் கத்தரித்து வைத்திருந்தேன். குழந்தை தூங்கினால் மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வருகிறது என்று தெரிந்ததும், நான் விரலை எடுத்த பிறகும் வருகிறதா என்று பார்ப்பேன். இவன் எனக்குத் தவறுதலாகக் கிடைத்துவிட்டான், யாராவது வந்து திருப்பிக் கேட்பார்கள் என்கிற மாதிரி ஒரு பயம் எனக்கு அவன் பிறந்த நாளிலிருந்தே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

முதல் தடவை அந்தக் கடைப் பக்கம் போனபோது அவர் பொருள் எதையும் காட்டவில்லை. "புள்ளைய இப்படிக் குடு" என்று வாங்கிக்கொண்டார். சோளக்கதிரைத் திருப்பிப் பார்ப்பதுபோல் அவனைத் திருப்பினார். காதை மடக்கிப் பார்த்தார். உள்ளங்காலைப் பார்த்தார். பிடரியில் விரலால் தடவினார். பிறகு என்னிடம் சொன்னார்:

"கண்ணை மூடிக்கோ."

ஏன் மூடினேன் என்று தெரியவில்லை. பெரியவர்கள் சொன்னால் செய்துவிடுவது என் வழக்கம்.

"உன் புள்ளைக்கு எந்தக் கால்ல ரெண்டாவது வெரலு பெருசு?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்..."

"இல்ல. எடது கால்ல. பத்து மாசம் சொமந்து, ஏழு மாசம் குளிப்பாட்டிகினு இருக்கற. தெரியல பாரு."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். இடது காலில் இரண்டாவது விரல் நெல்மணி அளவு நீளமாகத்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றே கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, குழந்தையைப் பாயில் படுக்கவைத்து, தலையிலிருந்து கால் வரை பார்த்து எழுதினேன். இடது காதின் பின்புறம் கடுகளவு மச்சம். வலது முழங்காலின் கீழ் வெளிர்நிறத் தழும்பு. பிடரி முடியில் இரட்டைச் சுழி. பாடம் படிப்பதுபோல் மனப்பாடம் செய்தேன். ஒவ்வொரு தடவை போகும்போதும் அவர் வேறு ஒன்றைக் கேட்பார். ஒவ்வொரு தடவையும் நான் எழுதாத ஒன்றாக இருக்கும்.

என் கணவர் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "ஆபீஸ்ல மாட்டுக்குத்தான் இப்படி அங்க அடையாளம் எழுதுவோம். நீ படிச்சவதானே?"

"படிச்சதனாலதாங்க எழுதறேன்" என்றேன்.

எதிர்வீட்டு அக்கா வேறு மாதிரி பயமுறுத்தினார். அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டே, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அவகிட்ட புள்ளைய குடுக்காத தங்கச்சி. முன்ன ஒரு கிருத்திகையில அடுத்தவங்க புள்ளைய தூக்கிகினு மலையேறிட்டவ அவ."

"திருடினாங்களா?"

"யாரு கண்டா? போலீசு கொட்டாய் வரைக்கும் போயி வந்தவ. இப்ப சாவி கட்டி விட்றா இல்ல, அது சாவின்னு நெனச்சிகினியா? கட்டு. அதைக் கட்டிட்டா அந்தப் புள்ள எங்க போனாலும் அவளுக்குத் தெரியுமாம்."

சாவி விஷயம் எனக்கும் தெரியும். கடையில் ஒரு மூங்கில் கூடை நிறையப் பழைய சாவிகள் இருந்தன. பூட்டில்லாத சாவிகள். பழைய இரும்புக்காரர்களிடம் பொறுக்கி எடுத்தவை. ஒன்றின் பல் மாதிரி இன்னொன்றின் பல் இருக்காது. மொட்டையடித்த குழந்தை கடைப் பக்கம் வந்தால், காசு வாங்காமல், அதன் அரைஞாண் கயிற்றில் சிவப்பு நூலால் ஒரு சாவியைக் கட்டிவிடுவார். சிலர் வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டு வாங்கிப் போனார்கள். சிலர் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வேகமாக நடந்தார்கள். என் மகனுக்கு மொட்டையடிப்பதற்கு முன்பே கட்டிவிட்டார். வேண்டாம் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. கொண்டை வளைந்த, ஒரே ஒரு பல் உள்ள சின்னப் பித்தளைச் சாவி. அவன் நடக்கையில் தொடையில் தட்டும். தட்டுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் வேலையை விட்டுத் திரும்பிப் பார்ப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைக்கு மாதம் ஒருமுறை ஓர் ஆள் சைக்கிளில் வருவார். முப்பது வயதிருக்கும். நல்ல வெயிலிலும் துண்டைக் காது மறையக் கட்டியிருப்பார். அரிசி மூட்டையைப் பலகை மேல் வைப்பார். "வரேன்" என்பார், அவ்வளவுதான். கடைக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. அவர் வந்து போகும்வரை இந்த அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் துண்டு கட்டியிருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "யாரு பெரியம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "என் மவன்" என்றார். சொல்லிவிட்டு, சொன்னது சரியா என்று யோசிப்பவர்போல் கூடையிலிருந்த சாவிகளைக் கலைத்தார்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் மாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. பேரனுக்குக் கிருத்திகை அன்றே மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாராம். கால் வலி, தன்னால் வர முடியாது, நீ குறை வைக்காமல் செய்துவிடு என்று எழுதியிருந்தார். கூட்டம் இல்லாத நாளில் செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை எழுதாமல், அப்படியே செய்கிறேன் என்று பதில் எழுதினேன்.

அன்று என் கணவருக்குத் தண்ணீர்ப் பந்தலில் திருவிழா வேலை போட்டிருந்தார்கள். மொட்டையடிக்கும்போது தாய்மாமனாகக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய என் தம்பி, பஸ்ஸில் இடம் கிடைக்காமல் கனகம்மாசத்திரத்திலேயே நின்றுவிட்டான். எதிர்வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல். நான் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். கிளம்புவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். அக்கா சொன்னது மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. சாமி காரியத்துக்குப் போகும்போது இதென்ன கட்டு என்று நினைத்து, சாவியை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு அவிழவில்லை. பிளேடால் முடிச்சுக்குக் கீழே நூலை அறுத்துச் சாவியைச் சாக்கடையில் போட்டுவிட்டேன்.

மொட்டையடித்த குழந்தைகள் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நூறு குழந்தைகள் சேர்ந்து இருந்தால் எப்படி இருக்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பொய்கைப் படிகள் முழுவதும் அரைத்த சந்தனம் பூசிய உருண்டைத் தலைகள். எல்லாக் குழந்தைக்கும் மஞ்சள் துணி. எல்லாக் குழந்தைக்கும் அழுது வீங்கிய முகம். ஒலிபெருக்கியில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார்: "மஞ்சள் சட்டை அணிந்து, மொட்டையடித்து, சந்தனம் பூசிய, சுமார் ஒன்றரை வயதுள்ள ஆண் குழந்தையைக் கண்டவர்கள்..." அவர் சொல்லும்போதெல்லாம் படியில் இருந்த அத்தனை பெண்களும் தங்கள் கைக்குழந்தையைக் குனிந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

ஈரத் துண்டைப் பிழிய ஒரு நொடி அவனைப் படியில் நிற்க வைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பம்பை அடித்துக்கொண்டு ஒரு காவடிக் கூட்டம் பின்னாலிருந்து வந்தது. தள்ளினார்கள். துண்டைப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த சின்னக் கையைப் பிடித்து, தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். கூட்டம் என்னைச் சந்து வழியாக, வேடிக்கைக் கடையைத் தாண்டி, படி வரைக்கும் கொண்டுபோயிற்று. கடையில் பாதிப் பலகை மூடியிருந்தது. ஊரே வியாபாரம் செய்யும் நாளில் அவர் மட்டும் கடையை மூடிவிட்டுச் சாவிக் கூடையோடு பொய்கைக்குப் போய்விடுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் கண்ணில் படாமல் போகிறோம் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

நூறு படிக்கு மேல் ஏறியிருப்பேன். தோளில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்த குழந்தை, "அம்மா, நீளு" என்றது.

எங்கள் வீட்டில் யாருக்கும் தெலுங்கு தெரியாது. தெருவில் பாதிப்பேர் பேசுவார்கள். தண்ணீரைத்தான் கேட்கிறது என்று எனக்குப் புரிந்தது. எங்கேயோ கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு படி ஏறவும் செய்தேன். பிறகு நின்று, அவனைத் தோளிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதும்போதுகூட எழுதலாமா என்று இரண்டு தடவை பேனாவை மூடி வைத்தேன். முன்பின் தெரியாத ஒரு குழந்தையைப் பார்த்து இது என் பிள்ளை இல்லை என்று எந்தத் தாய்க்கும் அந்த நொடியே தெரியும் என்பார்கள். எனக்கு அந்த நொடியில் தெரியவில்லை. வீங்கிய கண், சந்தனம் வழிந்த நெற்றி, சளி. காதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மச்சம். இடது காதா, வலது காதா? நோட்டில் எழுதியிருந்த பக்கமே கண்ணில் தெரிந்தது, எழுத்து மட்டும் தெரியவில்லை. இடது காதைத் துடைத்தேன். இல்லை. அப்படியானால் வலது என்றுதான் எழுதியிருப்பேன் என்று வலது காதைத் துடைத்தேன். அங்கேயும் இல்லை. அப்போது குழந்தை வாயைத் திறந்து வீறிட்டது. உள்ளே மேல்பல் நான்கு இருந்தன. என் மகனுக்கு இரண்டுதான் முளைத்திருந்தது.

அதன் பிறகு எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. ஏறுகிற கூட்டத்தில் ஒருத்தி மட்டும் இறங்கினால் எல்லோரும் திட்டுவார்கள். திட்டினார்கள். கையில் இருக்கும் குழந்தையைக் கீழே விட்டுவிட்டு ஓடத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இதுவும் தொலைந்தால் யாருக்கு என்ன பதில் சொல்வது?

கீழே வேடிக்கைக் கடை வாசலில், முக்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, அந்த அம்மா ஒரு பொம்மைத் தகர மேளத்தை அடித்துக்கொண்டிருந்தார். இடது தோளில் ஒரு சந்தனத் தலை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண், மூக்குத்தி போட்ட சின்னப் பெண், தெலுங்கில் கதறிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். நான் இருபதடி தள்ளி வரும்போதே அவள் என்னைப் பார்த்தாள். பாய்ந்து வந்து என் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் காதையும் பார்க்கவில்லை, காலையும் பார்க்கவில்லை. கன்னத்தில் மாறி மாறி முத்தமிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். தெலுங்கில் எப்படிக் கேட்பது என்று யோசிப்பதற்குள் ஆள் மறைந்துவிட்டாள்.

நான் கையை நீட்டினேன். வேடிக்கைக் கடை அம்மா முக்காலியிலிருந்து இறங்கினார். குழந்தையைக் கொடுக்கவில்லை.

"கண்ணை மூடிக்கோ."

"பெரியம்மா, குடுத்துடுங்க."

"மூடு."

மூடினேன்.

"இவன் உன்னுதுன்னு எப்படித் தெரியும்? ஒரு அடையாளம் சொல்லு."

காது, கால்விரல், சுழி, தழும்பு. எல்லாம் தெரியும், ஒன்றும் வரவில்லை. பரீட்சை மண்டபத்தில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. சுற்றி நின்றவர்கள் "இன்னாம்மா, பெத்தவதான நீ?" என்றார்கள். யாரோ போலீசைக் கூப்பிடு என்றார்கள்.

"தெரியல" என்றேன். "நீங்க கட்டின சாவிய நான் அறுத்துப் போட்டுட்டேன். பயந்துகிட்டு அறுத்துட்டேன்."

அவர் என் கையைப் பிடித்துக் குழந்தையின் இடுப்புக்குக் கொண்டுபோனார். அரைஞாண் கயிற்றில் சின்னதாக, கெட்டியாக, மிளகு போல ஒன்று தட்டுப்பட்டது.

"சாவிய அறுத்துட்ட. முடிச்ச அறுக்கல. தறியில இழை அறுந்தா போடற முடிச்சு இது. எங்க வூட்டு முடிச்சு. பொய்கைப் படியில நின்னுகினு அழுதப்பவே பாத்துட்டேன், இவன் உன்னுதுன்னு."

"தெரிஞ்சிருந்தும் ஏன் கேட்டீங்க?"

"எனக்குத் தெரிஞ்சா போதுமா? உனக்குத் தெரிய வேணாமா?"

குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைத் தாழிட்டு, சந்தனத்தைக் கழுவி, நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. மச்சம் இடது காதில்தான் இருந்தது. கடைசி வரிவரை பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். கணவரிடம் கூட்டத்தில் துண்டு தொலைந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

ஒரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு நானேதான் போனேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. "இப்பவும் இவனைப் பாத்தா திடீர்னு சந்தேகமா இருக்குது பெரியம்மா" என்றேன். அவர் ஆணியைக் கீழே வைத்தார்.

"ஆங்" என்றார். "அது அப்படித்தான் வரும்."

அன்று அவர் சொன்னதை நான் பாதிப் பாதியாகத்தான் கேட்டேன். பஸ் வந்து ஆட்கள் இறங்குவார்கள், அவர் எழுந்து போவார், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து சொல்வார். அவர் பொதட்டூர்ப்பேட்டையில் தறிக்காரர் வீட்டு மருமகள். மகனுக்குப் பதினோராம் மாதம் இதே பொய்கையில் மொட்டை. கூட்டத்தில் ஓரகத்தி கையிலிருந்து வாங்கியது வேறொரு குழந்தை. மலையேறி, கும்பிட்டு, இறங்கி வந்து பால் கொடுக்கும்போது அது குடிக்கவில்லை. சந்தேகம் வந்து போலீஸ் கொட்டகைக்கு ஓடினார். அங்கே ஒரு குடும்பம் இன்னொரு குழந்தையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். ஊர் பேர் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

"அப்புறம்தான் வந்துச்சு எனக்கு. மாத்திகினது சரியா? மொதல்ல கையில இருந்ததுதான் என்னுதோ?"

"அது பால் குடிக்கலையே?"

"அதுக்கு ஜொரம்."

"மாத்தினப்புறம் உங்க மகன் குடிச்சாரா?"

"பசிச்ச புள்ள எந்த மாருலயும் குடிக்கும்."

"உங்க வீட்டுக்காரர் இன்னா சொன்னார்?"

"பைத்தியமான்னு கேட்டாரு. அவருக்குக் காது மடல் ஒட்டிகினு இருக்கும். இவனுக்குத் தொங்கும். அதையே பாத்துகினு இருப்பேன். இவனுக்கு எட்டு வயசுல, ஏம்மா என் காதையே பாக்கறன்னு கேட்டான். சொல்லிட்டேன்." கூடைக்குள் கையை விட்டுச் சாவிகளைக் கிளறினார். "சொல்லியிருக்கக் கூடாது. அவன் என்னுதுதான். முக்காவாசி நேரம் எனக்கே தெரியும், என்னுதுதான்னு. மீதி நேரம் துண்டைக் கட்டிகினு வரான்."

என் மகன் அவர் காலடியில் உட்கார்ந்து கண்ணாடி உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தான். அவர் அவன் காதைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை வருஷத்தில் செங்கல்பட்டுக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் அன்று காலையில் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் உள்ளே போய்ப் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டு வந்தார். உள்ளே கட்டைவிரல் அளவில் செம்மர மயில்கள் இரண்டு. ஒரே உயரம், ஒரே கொண்டை, ஒரே தோகை. நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்த வித்தியாசமும் கண்ணில் படவில்லை.

"இந்தக் கடையில ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இது மட்டும்தான். கீறல் போட்லாம்னு ஆணிய எடுப்பேன். போடாம வெச்சிடுவேன். பாத்துகினு இருந்தா ஒடம்பெல்லாம் ஒதறும். இருந்தாலும் வெச்சிகினு இருக்கேன், பழகட்டும்னு. பழகல எனக்கு. நீ எடுத்துகினு போ."

"எனக்கு எதுக்கு பெரியம்மா?"

"கண்ணாடியில உன் மூஞ்சியப் போயிப் பாரு. என் மூஞ்சி மாதிரி ஆயிகினு வருது."

விளையாட்டாகத்தான் சொன்னார். பக்கத்துக் கடைக்காரர்கூடச் சிரித்தார். நான் டப்பாவை வாங்கிக்கொண்டேன். ரயிலில் கணவரும் மகனும் ஜன்னலோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்கள். என் மடியில் இரண்டு மயிலும் இருந்தன. எது நான் டப்பாவிலிருந்து முதலில் எடுத்தது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதே தாங்க முடியாமல் போயிற்று. ரயில் அரக்கோணம் போய்ச் சேருவதற்குள், புடவையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, ஒன்றின் தோகைக்கு அடியில் சின்னதாக ஒரு கீறல் போட்டுவிட்டேன்.

இப்போது என் மகனுக்கு ஒன்பது வயது. மகள் பிறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அவளுக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. போன வாரம் மாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. வருகிற ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் மொட்டை. அப்படியே செய்கிறேன் என்று பதில் எழுதிவிட்டேன். அந்தக் கடை இருக்கிறதா, அந்த அம்மா இருக்கிறாரா, தெரியாது. போனால் சாவி கட்டச் சொல்லி நானே கேட்பேன். மாமியார் கடிதம் வந்ததிலிருந்து நான் என் மகனை அதிகமாகப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது. இரண்டு நாளைக்கு முன் அவன் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு, "ஏம்மா, என் காதுல இன்னா இருக்கு?" என்று கேட்டான். "அழுக்கு" என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

நேற்று மத்தியானம் தங்கைக்கு விளையாட்டுக் காட்ட அவன் அந்த டப்பாவை எடுத்திருந்தான். "அம்மா, இது ரெண்டும் ஒண்ணு இல்ல. இதுல ஒரு கீறல் இருக்கு."

"காட்டு."

"யாரு போட்டது?"

"நான்தான்."

"ஏன்?"

எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒருத்தர் பதில் சொல்லி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். ஊக்கை எடுத்தேன். இன்னொரு மயிலைத் திருப்பி, அதே இடத்தில், அதே நீளத்துக்கு, ஒரு கீறல் போட்டேன். இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதுக் கீறல் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது. தேங்காயெண்ணெய் தொட்டு இரண்டு கீறலிலும் தேய்த்தேன்.

மகனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நான் கலைக்கறேன். நீ கண்ணை மூடிக்கோம்மா."

மூடிக்கொண்டேன். சிமெண்டுத் தரையில் மரம் உரசுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் கலைத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது.

"தொறம்மா. பழசு எது, சொல்லு."

திறந்தேன். "தெரியல" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்று சொல்லி அவன் கைகொட்டிச் சிரித்தான். தங்கையும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். மயில்களை எடுக்க அவன் குனிந்தபோது இடது காது என் முகத்துக்கு நேராக, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்தது. நான் மயில்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.